வெளியே போட்ட நாலு பந்து

மார்லோ, அயோவா
1979 ஏப்ரல் 19

மச்சான் நிக்கானோருக்கு எலாடியோ எழுதுவது.

இந்தத் தாள் உன் கைக்கு வரும்போது உனக்குச் சளி, இருமல் எதுவும் இருக்கக் கூடாது. எனக்கு மூக்கு ஒழுகுகிறது, மற்றபடி உயிரோடு இருக்கிறேன். நீ இருக்கும் விஸ்கான்சினில் இதைவிடக் குளிர் என்கிறார்கள். இதற்கு மேல் குளிர என்ன மிச்சம் இருக்கிறது என்று தெரியவில்லை.

முதலில் நல்ல செய்தி. பேஸ்பால் சீசன் தொடங்கிய வாரம் வெளுத்து வாங்கினேன். காலடியில் வந்ததையும் அடித்தேன், தலைக்கு மேல் வந்ததையும் அடித்தேன். உள்ளூர்ப் பேப்பரில் பெயர்கூட வந்தது. எலாடியோ என்பதை எலியட் என்று போட்டிருந்தான். அம்மாவுக்கு வெட்டி அனுப்பினேன், யார் இந்த எலியட் என்று கேட்டு எழுதியிருக்கிறாள்.

இரண்டாவது வாரத்திலிருந்து பந்து போடுகிற பிட்சர்கள் எல்லாரும் பேசிவைத்துக்கொண்டார்கள். எவனும் எனக்கு நடுவில் போடுவதில்லை. பேட்டின் நுனிக்கு வெளியே, கடைசி நேரத்தில் தாழ்ந்து விழுகிற பந்தாகவே போடுகிறான். அது வெளியே போகிற பந்து என்று எனக்கும் தெரிகிறது, வீசி முடித்த பிறகு. கை என் பேச்சைக் கேட்பதில்லை.

எங்கள் மேனேஜர் ஹோலிஸ் நேற்று என்னைக் கூப்பிட்டு மெதுவாகப் பேசினார். அவர் கத்தினால் எனக்குப் பயமில்லை, மெதுவாகப் பேசினால்தான் பயம். இங்கே ஸ்பானிஷ் தெரிந்த ஒரே ஆள் பஸ் டிரைவர். அவர்தான் சொன்னார்: "தம்பி, நாலு பந்து வெளியே போனா நோகாம நடந்தே மொத பேஸுக்குப் போகலாம்னு உங்க ஊர்ல யாருமே சொல்லித்தரலயான்னு கேக்குறாரு." அமெரிக்காவிலிருந்து நம் கொன்சுவேலோவுக்கு ஆள் பிடிக்க வருகிறவன் அடியைப் பார்க்கத்தானே வருகிறான். நல்ல பந்து வரட்டும் என்று கை கட்டி நின்றவன் எவன் விமானம் ஏறினான்?

மே மாதக் கடைசிவரை பார்ப்பாராம். அதற்குள் பந்தைப் பொறுக்கி அடிக்கக் கற்றுக்கொள்ளாவிட்டால் ஊருக்கு டிக்கெட். திரும்பினால் எனக்குக் கரும்பாலை எடைமேடைதான், அதற்கும் வரிசை நிற்கிறது. தூக்கம் வரவில்லை மச்சான்.

ஒரு சந்தேகம். நான் அடிக்க நிற்கும்போது ஹோலிஸ் 'டேக், டேக்' என்று கத்துகிறார். அகராதியில் பார்த்தேன். எடு, பிடி, கைப்பற்று என்று போட்டிருக்கிறது. எடுக்கத்தானே நானும் பார்க்கிறேன். இன்னும் பலமாக வீசுகிறேன். அவர் தொப்பியைக் கழற்றித் தரையில் அடிக்கிறார். டிரைவரைக் கேட்கலாம் என்றால் ஆட்டம் நடக்கும்போது அவர் பஸ்ஸில் தூங்குகிறார். எதை எடுக்கச் சொல்கிறார் இந்த மனிதர்?

அல்தாகிராசியா மாதா உன் கையைக் காப்பாற்றட்டும்.

எலாடியோ

*

ஹாட்லி, விஸ்கான்சின்
1979 ஏப்ரல் 27

மாப்பிள்ளை எலியட்டுக்கு,

உன் மூக்கு நின்றிருக்கும் என்று நம்புகிறேன். நான் நன்றாக இருக்கிறேன், கையும் நன்றாக இருக்கிறது.

உன் கடிதத்தைப் படித்துத் தனியாகச் சிரித்தேன். பக்கத்து அறைக்காரன் கதவைத் தட்டிப் பார்த்துவிட்டுப் போனான். அட மடையா, இந்த ஆட்டத்தில் டேக் என்றால் விடு என்று அர்த்தம். பந்தைத் தொடாதே, போக விடு. எடு என்று சொல்லிவிட்டு விடு என்று அர்த்தம் வைத்துக்கொள்வது இவர்கள் வழக்கம். நான் மூன்று பந்து வெளியே போட்டுவிட்டால் எதிரணி மேனேஜர்கள் இதைத்தான் கத்துவார்கள், அதனால் எனக்குத் தெரியும். ஹோலிஸ் பாவம், அவர் விடு விடு என்று கெஞ்சக் கெஞ்ச நீ வெட்டிச் சாய்த்திருக்கிறாய்.

இனி கவனமாகக் கேள். பிட்சர் சொல்கிறேன், நம்பு. தாழ்ந்து விழுகிற பந்து என் விரலை விட்டுக் கிளம்பும்போது நல்ல பிள்ளையாகத்தான் வரும். பாதி வழி தாண்டித்தான் புத்தியைக் காட்டும். அதனால் பாதி வழிவரை உன் முன்கால் நகரக் கூடாது. கால் நகர்ந்தால் கை போய்விடும், கை போனால் நீ போய்விடுவாய். பயிற்சியின்போது பேட்டையே வீசாமல் நின்று, ஒவ்வொரு பந்தும் உள்ளேயா வெளியேயா என்று வாய்விட்டுச் சொல். பைத்தியம் என்பார்கள். சொல்லட்டும்.

இங்கே ஆட்டத்தில் முதலில் பந்து போடும் வேலையை வேறொரு பையனிடம் கொடுத்திருக்கிறார்கள். எனக்கு ஓய்வு வேண்டுமாம். கடைசியில் கூப்பிட்டால் போய்ப் போடுகிறேன். அவ்வளவுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். உன் அம்மாவுக்கு நான் கேட்டதாக எழுது.

நிக்கானோர்

*

மார்லோ
1979 மே 6

மச்சான்,

நீ சுகமாயிருப்பாய் என்று நினைத்துக்கொள்கிறேன். நான் சுகம், மூக்கும் சுகம்.

நடந்துவிட்டேன். முதல் முறையாக, நாலு பந்தையும் விட்டுவிட்டு, முதல் பேஸுக்கு நடந்தே போனேன். வெட்கமாக இருந்தது, சந்தையில் காசு கொடுக்காமல் வாழைத்தார் தூக்கிக்கொண்டு வந்தவன் மாதிரி. ஹோலிஸ் கை தட்டினார். அவர் கை தட்டி நான் பார்த்ததே இல்லை.

நீ சொன்னதுதான். காலைப் பிடித்து வைத்தேன். பயிற்சியில் 'உள்ளே, வெளியே' என்று ஸ்பானிஷில் கத்திக்கொண்டு நிற்கிறேன், பையன்கள் என்னைப் பார்த்து முழிக்கிறார்கள். ஆனாலும் எல்லாப் பந்தையும் விட முடியவில்லை. அந்த வெளியே விழுகிறது இருக்கிறதே, அதைப் பார்த்தால் இன்னும் நாக்கில் எச்சில் ஊறுகிறது. முந்தாநாள்கூட அதில்தான் செத்தேன்.

நான் தங்கியிருக்கும் வீட்டு ஓல்சன் அம்மா நல்ல மனுஷி. தினமும் உருளைக்கிழங்கு அவித்துப் போடுகிறாள், உப்பு போட மறந்துவிடுகிறாள். ஞாயிற்றுக்கிழமை அவள் தேவாலயம் போய்விட்டால் வீட்டில் கடிகாரமும் நானும். சில சமயம் என் குரலைக் கேட்கவே நான் ஏதாவது பேசுகிறேன். போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில் உன்னோடு பேசினேன், நீ வழக்கம்போல வாயைத் திறக்கவில்லை.

முக்கியமான விஷயம். அட்டவணை பார்த்தாயா? மே 26 உங்கள் அணி இங்கே வருகிறது. கடை கடையாக அலைந்து சிவப்பு பீன்ஸ் வாங்கிவிட்டேன். ஓல்சன் அம்மா அடுப்பைத் தருவதாகச் சொல்லிவிட்டாள். ஆட்டம் முடிந்ததும் சோறும் பீன்ஸும். நீ வந்தே ஆக வேண்டும்.

மாதா துணை.

எலாடியோ

*

ஹாட்லி
1979 மே 13

மாப்பிள்ளை,

சுகம். நீயும் அப்படியே இரு.

நடந்ததற்குச் சந்தோஷம். வருகிறேன். சோறு குழையாமல் இருக்கட்டும்.

மைதானத்தில் என்னைக் கண்டால் ஓடி வந்து கட்டிப்பிடிக்காதே. சீருடையில் இருக்கும்போது எதிரணிக்காரனோடு பேசினால் அபராதம். தலையைக்கூட ஆட்டாதே. எல்லாம் ஆட்டம் முடிந்த பிறகு.

நீ கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன், இங்கே ஒரு வாரமாக மழை.

நிக்கானோர்

*

மார்லோ
1979 மே 19

மச்சான்,

மழையில் நனையாதே, பிட்சருக்குத் தோள்தான் சொத்து. நான் நன்றாக இருக்கிறேன்.

ஹோலிஸ் சொல்லிவிட்டார். மேலிடத்துக்கு அவர் எழுத வேண்டிய நாள் மே 28. என்னை வைத்துக்கொள்வதா அனுப்புவதா என்று அதில் இருக்கும். "முன்னைக்கு இப்ப தேவலாம்ப்பா. ஆனா நெருக்கடியில நீ பழையபடி வீசிடுவியோன்னு எனக்கு இன்னும் பயமாத்தான் இருக்கு" என்று டிரைவர் வாயால் சொல்ல வைத்தார். டிரைவர் தன் பங்குக்கு, "எனக்கும்தான்" என்று சேர்த்துக்கொண்டார்.

ஆக, கடைசிப் பரீட்சை உங்கள் அணியோடு. ஒருவேளை நீ பந்து போட, நான் அடிக்க நின்றால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. மச்சான், சொந்தக்காரன் என்று பார்த்து நடுவில் ஒன்று போடு. சும்மா சொன்னேன். நிஜமாகவும் சொன்னேன்.

பீன்ஸை வெள்ளிக்கிழமை இரவே ஊறப்போட்டுவிடுவேன்.

எலாடியோ

*

மார்லோ
1979 மே 28

மச்சான் நிக்கானோர்,

உடம்பு எப்படி இருக்கிறது? நிஜமாகவே கேட்கிறேன். சனிக்கிழமை உன்னைப் பார்த்தபோது இளைத்திருந்தாய்.

இரண்டு நாளாக எப்படி எழுதுவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ அங்கே இருந்தாய், உனக்குத் தெரியாததா? ஆனாலும் நான் நின்ற இடத்திலிருந்து எப்படி இருந்தது என்று எழுதினால்தான் மனம் ஆறும்.

கடைசி இன்னிங்ஸ். இரண்டு பக்கமும் சம ஓட்டம். எங்கள் ஆட்கள் மூன்று பேஸிலும் நிற்கிறார்கள், இரண்டு பேர் அவுட். நான் பேட்டை எடுத்துக்கொண்டு போகிறேன், உங்கள் மேனேஜர் பிட்சரை மாற்றுகிறார். வேலி ஓரத்திலிருந்து நடந்து வருவது நீ. நீ சொன்னபடி நான் தலையை ஆட்டவில்லை. பிறந்த ஊரிலிருந்து இவ்வளவு தூரம் வந்து, பேச ஆளில்லாமல் தவித்து, கடைசியில் உன்னைக் கண்ணெதிரே பார்த்து, தெரியாதவன் மாதிரி நின்றேன்.

முதல் பந்து நடுவில் பளீரென்று வந்தது, நின்று பார்த்துவிட்டேன், ஸ்ட்ரைக். இரண்டாவதை வெட்டினேன், கோட்டுக்கு வெளியே போனது, அதுவும் ஸ்ட்ரைக். மூன்றாவதும் விழுந்தால் அவுட், நான் ஊருக்கு. ஹோலிஸ் கத்தக்கூட இல்லை.

பிறகு நாலு பந்து போட்டாய். நாலும் வெளியே. நாலையும் விட்டேன். அம்பயர் முதல் பேஸைக் காட்டினார். நான் நடக்க, பேஸில் நின்றவர்கள் ஆளுக்கொரு பேஸ் நகர, மூன்றாம் பேஸில் நின்றவன் நடந்தே வந்து ஓட்டம் சேர்த்தான், ஜெயித்தோம். எல்லாரும் என் மேல் விழுந்தார்கள். அதற்குள் உன் முதுகுதான் தெரிந்தது.

உங்கள் பஸ்ஸுக்கு ஓடி வந்தேன். ஜன்னல் ஓரத்தில் இருந்தாய். "ஆட்டம் முடிஞ்சு போச்சு, இப்பப் பேசலாம்" என்று கண்ணாடியைத் தட்டினேன். நீ திரும்பவில்லை. உங்கள் ஆள் ஒருவன் என்னைத் தள்ளினான். பஸ் போய்விட்டது.

ஆறு வயதிலிருந்து உன் பந்தைப் பார்க்கிறேன். நீ நாலு பந்தை வரிசையாக வெளியே போடுகிறவன் இல்லை. எனக்காகத்தான் போட்டாய். உன்னை வைது கொட்டுவார்கள் என்று தெரிந்தே போட்டாய். இன்று காலை ஹோலிஸ் என்னை வைத்துக்கொள்வதாக எழுதிவிட்டார். அது உன்னால். எப்படி நன்றி சொல்வேன் மச்சான்?

எலாடியோ

*

மார்லோ
1979 ஜூன் 17

மச்சான்,

நீ சுகமா? பதிலே இல்லை. வேலை அதிகமாக இருக்கும்.

நான் நன்றாக ஆடுகிறேன். இப்போது வெளியே போகிற பந்தை விட்டுவிடுவதால் பிட்சர்கள் வேறு வழியில்லாமல் நடுவில் போடுகிறார்கள், அதை அடிக்கிறேன். இவ்வளவு எளிதான விஷயம் இத்தனை நாள் தெரியவில்லை.

அம்மாவுக்கு எல்லாம் எழுதிவிட்டேன். 'நிக்கானோர் எனக்காக விட்டுக்கொடுத்தான், இல்லாவிட்டால் இந்நேரம் உன் பிள்ளை வாசலில் நின்றிருப்பான்' என்று. அழுதாளாம். தெருவுக்கே படித்துக் காட்டினாளாம்.

மறுபடியும் நன்றி. ஒரு வரி எழுது.

எலாடியோ

*

மார்லோ
1979 ஜூலை 10

மச்சான்,

போன கடிதம் திரும்பி வந்துவிட்டது. அந்தப் பெயரில் அங்கே யாரும் இல்லை என்று உறைமேல் யாரோ கிறுக்கியிருந்தார்கள். பிறகுதான் அம்மா எழுதினாள், உன்னை அனுப்பிவிட்டார்கள், நீ கொன்சுவேலோவுக்கே போய்விட்டாய் என்று. அதனால் இதை வீட்டு விலாசத்துக்கு எழுதுகிறேன், திரும்பி வந்ததையும் உள்ளே வைத்திருக்கிறேன்.

எனக்காக நீ உன்னையே கொடுத்துவிட்டாயே. இந்தக் கடனை எந்தப் பிறவியில் தீர்ப்பேன்? இரவில் அதை நினைத்துத்தான் தூங்குகிறேன். இத்தனை பேர் நடுவில் என்னை எலாடியோ என்று சரியாகக் கூப்பிட ஒருவன் இல்லாவிட்டாலும், எனக்காக இப்படிச் செய்கிற ஒருவன் உலகத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொள்வேன்.

மாமாவுக்கு என் வணக்கம். நீ கோபமாக இருந்தாலும் எழுது.

எலாடியோ

*

கொன்சுவேலோ
1979 ஆகஸ்டு 3

எலாடியோ,

நான் சுகம். உன் அம்மா சுகம். என் அப்பா சுகம். எல்லாரும் சுகம்.

எழுதவே கூடாது என்றிருந்தேன். நேற்று ரொட்டிக் கடையில் நடந்ததைக் கேள். காசை நீட்டினேன், கடைக்காரர் வாங்கவில்லை. "மச்சினனுக்காக வாழ்க்கையையே விட்டுக்குடுத்த புள்ள நீ, உங்கிட்டப் போய் காசு வாங்குவனா?" என்றார். போன ஞாயிறு பாதிரியார் பிரசங்கத்தில் என்னைச் சொன்னார். பெயர் சொல்லவில்லை, ஆனால் மொத்தக் கோவிலும் என் பக்கம் திரும்பியது. உன் அம்மா என்னைக் கண்டால் கையில் முத்தமிடுகிறாள். தெருவில் போகிறவன் எல்லாம் தோளைத் தட்டுகிறான்.

நான் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை.

என் முழங்கை மார்ச்சிலேயே போய்விட்டது. உனக்கு எழுதவில்லை, நீ கேட்கவும் இல்லை. ஓய்வு என்று நான் எழுதியதெல்லாம் அதுதான். எனக்கும் மே மாதம்தான் கெடு. உன் பரீட்சை நாள்தான் எனக்கும் பரீட்சை நாள். வேலி ஓரத்திலிருந்து நடந்து வரும்போது உன்னைப் பார்த்தேன். இருவரில் ஒருவன்தான் மிஞ்சுவான் என்று எனக்குத் தெரியும். நானே மிஞ்ச வேண்டும் என்று நினைத்தேன். இதற்காக நான் மன்னிப்பும் கேட்கப் போவதில்லை. பந்து போடுகிறவன் வேறு எதற்குப் போடுகிறான்?

இரண்டு ஸ்ட்ரைக் விழுந்ததும் உன்னை முடித்துவிட்டேன் என்றே நினைத்தேன். உனக்கு எச்சில் ஊறுகிற பந்து எது என்று நீயே எனக்கு எழுதியிருந்தாய். வெளியே, தாழ்ந்து விழுகிறது. அதைப் போட்டேன். நீ அசையவில்லை. தற்செயல் என்று நினைத்து மறுபடியும் போட்டேன். மறுபடியும். மூன்று போன பிறகு நடுவில் போட்டிருக்கலாம், எந்தப் பிட்சரும் அப்படித்தான் செய்வான். பந்து பிடிக்கிற கேட்ச்சர்கூட நடுவில் போடச் சொல்லித்தான் சைகை செய்தான். நான் மாட்டேன் என்று தலையை ஆட்டினேன். உன்னை எனக்குத் தெரியும், நீ வீசாமல் இருக்க மாட்டாய் என்று அவ்வளவு நம்பிக்கை.

அந்த நாலாவது பந்து இருக்கிறதே, அப்படி ஒரு பந்தை நான் போட்டதே இல்லை. கை வலிக்கவே இல்லை. கடைசி அடிவரை நடுவில் வந்து, பேட்டுக்கு முன்னால் பொத்தென்று விழுந்தது. நம் ஊரில் எவனாயிருந்தாலும் வீசியிருப்பான். நீ காலைக்கூட நகர்த்தவில்லை.

எனக்கு மிச்சமிருப்பது அந்தப் பந்து ஒன்றுதான். என்னிடம் இருந்ததிலேயே சிறந்ததைப் போட்டேன், நீ அதைவிட நன்றாக ஆடிவிட்டாய். தோற்றவன் என்று ஊர் சொன்னால் தலை நிமிர்ந்து தெருவில் நடப்பேன். நீயோ நன்றி நன்றி என்று எழுதி, வேண்டுமென்றே வெளியே போட்டவன் ஆக்கிவிட்டாய். ஒரு பந்தை ஒழுங்காகப் போடத் தெரியாதவனாக இருந்திருந்தால்கூடத் தேவலாம். இது என்ன பெயர் எனக்கு, நல்லவன் என்று?

நான் மறுத்தால் யாரும் நம்புவதில்லை. "பாரு, எவ்வளவு அடக்கம்" என்கிறார்கள். நீ எழுதினால்தான் நம்புவார்கள். உன் அம்மாவுக்கு உண்மையை எழுது.

நிக்கானோர்

*

மார்லோ
1979 ஆகஸ்டு 21

மச்சான்,

முழங்கை எப்படி இருக்கிறது? மார்ச்சிலேயே கேட்டிருக்க வேண்டியது. ஒத்தடம் கொடுக்கிறாயா?

உன் கடிதம் வந்து நாலைந்து நாள் ஆகிறது. முதலில் கிழித்துப் போடலாம் என்று தோன்றியது. நீ என்னை ஊருக்கு அனுப்பப் பார்த்தாய் என்பதற்காக இல்லை. பந்து போட வந்தவன் அதைத்தான் செய்ய வேண்டும், அதில் எனக்கு வருத்தம் இல்லை என்று எழுத நினைத்தேன். பொய். வருத்தம் இருக்கிறது. மே மாதத்திலிருந்து நான் பிடித்துக்கொண்டு தூங்கியது அந்த ஒரு நினைப்பைத்தான். இப்போது அதுவும் இல்லை. அறை அதே அறைதான், இரவு மட்டும் நீளமாகிவிட்டது.

ஆனால் அந்த நாலு பந்தையும் மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்தேன். நீ சொல்வது சரி. நாலாவது பந்து கிளம்பியபோது என் உடம்பு முழுக்க வீசு வீசு என்றது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அது விழுந்த பிறகுதான் எனக்கே தெரிந்தது வெளியே என்று. ஜெயித்த சந்தோஷம் எனக்கு அன்று வரவேயில்லை. நீ கொடுத்தது என்று நினைத்துக்கொண்டதால் அதை நானே தொலைத்துவிட்டேன்.

அம்மாவுக்கு இப்படி எழுதி அனுப்பியிருக்கிறேன்: 'நிக்கானோர் எனக்கு எதையும் விட்டுக்கொடுக்கவில்லை. என்னை அவுட்டாக்க உயிரைக் கொடுத்துப் போட்டான். அவன் போட்டதுபோல ஒரு பந்தை நான் இந்த நாட்டில் இன்னும் பார்க்கவில்லை. நான் நன்றாக ஆடினேன், அவன் தோற்றான். இதையும் தெருவுக்குப் படித்துக் காட்டு.' பாதிரியாருக்கும் சொல்லச் சொல்லியிருக்கிறேன். ரொட்டிக் கடையில் இனி காசு கேட்பார்கள், கொடுத்துவிடு.

நேற்று ஆட்டம் முடிந்து பையன்கள் எல்லாரும் வெளியே போனார்கள். என்னையும் கூப்பிட்டார்கள், எலியட் வா என்று. போகவில்லை. இதைப் படுத்துக்கொண்டே எழுதுகிறேன். உன்னைவிடப் பெரிய பிட்சரை எதிர்த்து நான் ஆடியதில்லை. உன்னை ஜெயித்துவிட்டேன், மச்சான். நாள் முழுக்க அதை யாரிடமாவது சொல்ல வேண்டும் போல இருந்தது. உன்னைத் தவிர எனக்கு ஆள் இல்லை.

எலாடியோ